வெள்ளி பியூஸும் கீரமங்கலத்து முனகலும்

ஆலங்குடி ரிப்பேர் கடையை, என்னிடம் வேலை பழகிய உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் வீட்டோடு உட்கார்ந்த பிறகும், உங்களில் யாராவது ஒருவர் அவ்வப்போது போன் போட்டுவிடுகிறீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ரிப்பேர் வேலையை விட்டவளுக்கு ரிப்பேர் பேச்சாவது வேண்டாமா? போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "ஸ்டெல்லாக்கா, ஒரு கஸ்டமர் வெள்ளிக் கம்பி வச்ச பியூஸ் வாங்கிட்டு வந்து ஆம்ப்ளிஃபயர்ல போடச் சொல்றாரு. போட்டா பாட்டு நல்லாக் கேக்கும்கிறாரு. கேக்குமாக்கா?"

கேட்காது. போனில் அவ்வளவுதான் சொன்னேன். சொல்லி வைத்த பிறகு மனசு ஒப்பவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவள் கஸ்டமர் முன்னால் போய் நின்றால், பாதி வேலையைத்தான் செய்திருப்பாள். மீதிப் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது கீரமங்கலத்தில் ஒரு வீடு. அதை எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து வேலைக்கும் எனக்கும் தூரம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பியூஸ். உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு மெல்லிய கம்பி. கரண்டு அளவுக்கு மேல் பாய்ந்தால் அது தன்னை எரித்துக்கொண்டு செட்டைக் காப்பாற்றும். அதற்கு வேறு வேலை இல்லை. கரண்டு எங்கிருந்தோ அலுமினியக் கம்பியில் வயல் வயலாகத் தாண்டி, டிரான்ஸ்பார்மருக்கு வந்து, கம்பம் ஏறி, வீட்டுச் சுவருக்குள் நெளிந்து வந்து சேருகிறது. கடைசி ஒரு விரற்கடையை மட்டும் வெள்ளியாக்கினால் பாட்டு இனிக்கும் என்றால், வழியெல்லாம் மண்ரோட்டில் வந்த மாப்பிள்ளைக் காரை வாசலில் மட்டும் கம்பளம் விரித்து நிறுத்துவது போலத்தான். மாப்பிள்ளைக்குக் குலுங்கியது குலுங்கியதுதான்.

இதில் நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. வல்லத்திராக்கோட்டையில் மைக் செட் வைத்திருந்த ஒருவர், பியூஸ் அடிக்கடி போகிறது என்று அது இருந்த இடத்தில் தடிமனான செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டார். "சத்தம் சும்மா கும்முனு ஏறிருச்சுக்கா" என்று என்னிடமே வந்து பெருமையடித்தார். ஏறியது உண்மைதான். பியூஸ் போய்விடும் என்ற பயம் விட்டுப்போனதால் அவர் வால்யூமைக் கூடுதலாகத் திருகியிருந்தார். அடுத்த கல்யாணத்தில் பந்தி நடக்கும்போதே ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. நல்லவேளை, சாம்பார் வாசத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அவர் காதில் கேட்டது நிஜம், சொன்ன காரணம்தான் பொய் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அது முழுதாகப் புரியக் கீரமங்கலம் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அங்கே முருகேசன் என்று ஒருவர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். தென்னந்தோப்பை ஒட்டிப் புது வீடு. மனைவி கவிதா, யூகேஜி படிக்கும் மகள் யாழினி. சிங்கப்பூரிலிருந்து நகை கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், டிவி கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் ஆம்ப்ளிஃபயரும் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் கொண்டுவந்தார். அதற்கென்று ஒரு அறை, அதில் ஒரே ஒரு நாற்காலி. "பூரா நாளும் இரும்ப அடிக்கிற சத்தத்துலயே நின்னவன்க்கா நான். காது நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதான்" என்பார். செட்டில் சின்னச் சின்ன வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார். நல்ல மனுஷன். சத்தம் என்று வந்தால் மட்டும் சாதத்தில் கல் கிடந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

ஒரு நாள் போன் வந்தது. பேசியது கவிதா. குரல் கம்மியிருந்தது.

"அக்கா, நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போகணும். எங்க அண்ணனும் இவுகளும் பேச்சுவார்த்தை இல்லாம நிக்கிறாக. எல்லாம் அந்தப் பியூஸால."

நடந்தது இதுதான். முருகேசன் இணையத்தில் தேடி, வெள்ளிக் கம்பி வைத்த வெளிநாட்டுப் பியூஸ் ஒன்றை வரவழைத்திருக்கிறார். அந்த விலைக்கு வீட்டுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம் என்பது கவிதாவின் கணக்கு. அதைப் போட்டதும் பாட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு முனகல் மறைந்துவிட்டதாம். மறுநாள் காலை முனகல் திரும்ப வந்திருக்கிறது. அந்தப் பியூஸுக்குத் திசை உண்டு என்று எங்கோ படித்திருந்தவர், கழற்றித் திருப்பிப் போட்டிருக்கிறார். முனகல் போய்விட்டது. அதற்கடுத்த நாள் மறுபடி வர, மறுபடி திருப்பல். இப்படித் தினமும் காலையில் பல் விளக்குவது போலப் பியூஸைத் திருப்பிப் போடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

கவிதாவின் அண்ணன் செந்தில், திருச்சிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். யாழினியின் காதுகுத்துக்கு நாள் பேச வந்தவரிடம் முருகேசன் ஆசையாக இந்தப் பியூஸ் கதையைச் சொல்லியிருக்கிறார். செந்தில் சிரித்துவிட்டார். பங்காளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்க, "மாப்ள, மாறிமாறி ஓடுற கரண்டுக்கு ஏது திசை? அது செட்டுல இல்ல, ஒங்க நெனப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டார். வாங்க, கேட்டுப் பாருங்க என்று முருகேசன் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை. முருகேசனுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கேட்டுப் பார்க்காமலே என்னைப் பொய்யன் என்கிற ஆள் என் வீட்டுக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். செந்திலும் இலையில் கை வைக்காமல் கிளம்பிவிட்டார்.

காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கவிதாவுக்கு இருப்பது ஒரே அண்ணன். ஐயனார் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது. முருகேசனோ வேறு யார் மடியிலாவது உட்கார வைக்கலாம் என்கிறார். செந்திலோ, பொய்யை ஒத்துக்கொண்டுதான் மருமகள் காதைக் குத்த வேண்டுமென்றால் நான் வரவில்லை என்கிறார்.

"ரெண்டு பேருமே ஒங்க பேச்சுக்குக் கட்டுப்படுறேன்னு சொல்லிட்டாகக்கா. ஸ்டெல்லாக்கா கேட்டுட்டுச் சொல்லட்டும்கிறாக. நீங்க சொல்றதுலதான் எங்க அண்ணன் வாரதும் வராததும் இருக்கு."

செந்தில் வீட்டு டிவியும் என் கையில் பிழைத்ததுதான். அதனால் வந்த வினை. வாழ்நாளில் நான் எத்தனையோ செட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் காதுகுத்துக்குத் தீர்ப்புச் சொல்லப் போனது அன்றைக்குத்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தோப்புக்குள் நடந்தால், செந்தில் தென்னை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் போகவில்லை. பக்கத்தில் கவிதா வைத்துவிட்டுப் போன சொம்புத் தண்ணீர் தொடாமல் இருந்தது.

"வாங்கக்கா. எனக்காகவும் பேச வேணாம், அவருக்காகவும் பேச வேணாம். உள்ளதச் சொல்லுங்க, போதும்" என்றார்.

அடுப்படிக்குள் போனால் கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவுக போட்டுக் காட்டும்போது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிருங்க. எங்க அண்ணன்கிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன். கால்ல வேணும்னாலும் விழுறேன்."

கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வித்தியாசம் இருக்கிறது என்றால் ஒரு இன்ஜினியரைப் பங்காளிகள் நடுவில் முட்டாளாக்குகிறேன், அதுவும் பொய் சொல்லி. இல்லை என்றால் ஒரு மனுஷனை அவர் வீட்டிலேயே பொய்யனாக்குகிறேன், பிள்ளைக்கு மாமன் மடி போச்சு. ரெண்டு பேர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது என்று வழவழவென்று பேசி, காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறலாம். அந்த எண்ணமும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் எதுவுமே கேட்காமல் எதைச் சொல்வது? காதைக் கொண்டுவந்திருக்கிறோம், முதலில் அதை வேலை செய்ய விடுவோம் என்று அந்த அறைக்குள் போனேன்.

முருகேசன் என்னை அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்தார். சாதாரணப் பியூஸைப் போட்டு வைத்திருந்தார். போனிலிருந்து ஒரு நாதஸ்வரத்தை ஓட விட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாசிப்பு மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் அடியில் ஒரு முனகல். தூரத்தில் வண்டு சுற்றுகிற மாதிரி.

"கேக்குதாக்கா?"

"கேக்குது."

"இப்பப் பாருங்க" என்று எழுந்து, கூடத்துச் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு முழுக்கக் கரண்டு போனது. செட்டின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாதா என்றேன். "பிளக்கையும் பிடுங்குவேன், மெயினையும் எறக்குவேன். கரண்டுல கை வைக்கிறதுக்கு முந்தி மெயின எறக்கணும்க்கா. சிங்கப்பூர்ல பழகுன பழக்கம்." பியூஸை மாற்றினார். மெயினை ஏற்றினார். அதே நாதஸ்வரம்.

முனகல் இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதுவும் கேட்காது, அதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு வந்தவள் நான். இப்போது படித்தது ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது. எனக்கும் நினைப்புத்தானோ, வயசாகிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி சிரித்தார்.

இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் தவறுவோம். வித்தியாசம் கேட்க வழியே இல்லை என்று மனசில் தீர்மானம் இருந்தால், கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிடுவோம். நான் அவசரப்படவில்லை. பாட்டு ஓடட்டும் தம்பி என்று சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கொல்லையிலிருந்து கவிதாவின் குரல் வந்தது. "ஏங்க, திரும்பவும் மெயின எறக்குனீங்களா? மோட்டார் நின்னுருச்சு. தெனமும் இதே வேலையாப் போச்சு. தென்னங்கன்னுக்குப் பாதித் தண்ணிதான் போயிருக்கு." செருப்புச் சத்தம் பின்சுவர்ப் பக்கம் போனது. போர்க் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி அங்கேதான் இருந்தது. டக்கென்று பட்டனை அழுத்துகிற சத்தம்.

முனகல் வந்தது. வெள்ளி பியூஸ் செட்டுக்குள் இருக்கும்போதே வந்தது.

முருகேசன் ஒன்றும் கேட்காதது போல உட்கார்ந்திருக்கலாம். அங்கே இருந்தது நாங்கள் இருவர்தான், நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. "வந்துருச்சுக்கா" என்றார். "இருங்க, திருப்பிப் போட்டாச் சரியாயிரும்" என்று மெயினைப் பார்த்து எழுந்தார்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "மெயினத் தொடாதீங்க. பியூஸையும் தொடாதீங்க." ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். "கவிதா, அந்த மோட்டார நிறுத்தும்மா."

நிறுத்தினாள். முனகல் போனது. ஓட விடச் சொன்னேன். வந்தது. நிறுத்தச் சொன்னேன். போனது.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். முருகேசன் பாட்டுக் கேட்பது காலையில், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு. கவிதா தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விடுவதும் அதே நேரம். மோட்டார் ஓடினால் முனகல். இவர் பியூஸை மாற்ற மெயினை இறக்குவார், மோட்டார் நிற்கும். மெயினை ஏற்றினால் செட்டுக்குக் கரண்டு வரும், ஆனால் அந்த ஸ்டார்ட்டர் யாராவது போய் அழுத்தினால்தான் ஓடும். அந்த இடைவெளியில் வீடு அமைதியாக இருக்கும். மற்ற நாட்களில் கவிதா கவனித்துப் போய் அழுத்துவதற்குள் இவர் பாட்டைக் கேட்டு முடித்து எழுந்துவிடுவார். அந்த அமைதிக்கான பேர் முழுக்கப் பியூஸுக்குப் போனது. கொல்லையில் அவள் மோட்டார் நின்றதற்குத் திட்டுவாள், அறைக்குள் இவர் முனகல் நின்றதற்குப் பூரிப்பார். இரண்டும் ஒரே விஷயம் என்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

முருகேசனுக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே தென்னை நிழலைப் பார்த்தார்.

"அவருகிட்டச் சொல்ல வேணாம்க்கா" என்றார். பிறகு அவரே, "இல்ல, சொல்லிருங்க. நான் பொய் சொல்லலங்கிறத மட்டும் சேத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் பாவமாக இருந்தது. செட்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் பேச்சுக்கு விரோதமாகத் தானே சாட்சி சொன்ன ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கேயே நான் முடித்திருக்கலாம். பியூஸில் ஒன்றுமில்லை, மோட்டார்தான் காரணம், செந்தில் ஜெயித்தார் என்று வாசலில் போய்ச் சொன்னால் அது உண்மைதான். ஆனால் கீரமங்கலத்தில் மோட்டார் இல்லாத வீடு எது? எல்லா வீட்டிலும் டிவி ஓடுகிறது, மோட்டாரும் ஓடுகிறது. இங்கே மட்டும் ஏன் முனக வேண்டும்? பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். மோட்டாரை ஓடவிடச் சொல்லி, ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பில் வைத்தேன். டெஸ்டருக்குள் விளக்கு மங்கலாக எரிந்தது. மோட்டாரை நிறுத்தினால் அணைந்தது.

பாட்டு, பியூஸ், தீர்ப்பு எல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்து போனது. கொல்லைக்குப் போனேன். அங்கே இரும்புக் குழாய், அடியில் சிமெண்டுத் தொட்டி, பக்கத்தில் யாழினியின் சின்ன மஞ்சள் வாளி.

"கவிதா, இந்தக் குழாயத் தொட்டா ஏதாவது தெரியுமா?"

"ஈரக் கையோட தொட்டாச் சுருக்குனு இருக்கும்க்கா. மோட்டார் ஓடும்போது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு மூணு வாட்டி யாழினிகூடச் சொன்னா, குழா கடிக்குதும்மான்னு. வெளாட்டுக்குச் சொல்றான்னு விட்டுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. மோட்டாரை நானே போய் நிறுத்தினேன். பிறகு வாசலுக்குப் போய், "செந்தில், தீர்ப்பு இருக்கட்டும். உள்ள வாங்க. ஒங்க படிப்பு இப்ப வேணும்" என்றேன். என்ன ஏது என்று கேட்டவர், குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். வர வேண்டாம் என்று சொன்னவரும் வரமாட்டேன் என்று சொன்னவரும் கூடத்தில் மோதிக்கொள்ளாத குறையாக மெயின் போர்டுக்கு முன்னால் நின்றார்கள்.

அந்த வேலையைச் செந்தில் செய்த அழகைச் சொல்ல வேண்டும். எனக்கு ஆம்ப்ளிஃபயருக்குள் தெரிந்த அளவு அவருக்கு வீட்டுக் கரண்டு தெரியும். மெயினை இறக்கிவிட்டுப் போர்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கரண்டு எங்காவது கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்று இருக்கும், இ.எல்.சி.பி. என்போம். அது இருந்தது. ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு ஒரு ஒயர் போனது. யாரோ அதை வேலை செய்ய விடாமல் நேராகக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

"யாரு மாப்ள இதப் பண்ணுனது?"

முருகேசன் யோசித்தார். "வீடு குடிபோன அன்னிக்கு. கரண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சுல்ல. பந்தி நடக்குது, பேன் ஓடலன்னு நான்தான் சத்தம் போட்டேன். வயரிங்காரர் என்னமோ பண்ணிட்டு, இனிமே விழுகாதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

"நானும் அந்தப் பந்தியிலதான இருந்தேன்" என்றார் செந்தில். "ஏன் விழுந்துச்சு, எப்படி நின்னுச்சுன்னு நானும் கேக்கலயே."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். போர் வாயிலிருந்த இரும்புத் தட்டில் உரசி உரசி மோட்டார் ஒயரின் மேல்தோல் கிழிந்திருந்ததைச் செந்தில் கண்டுபிடித்தார். வீடு கட்டும்போது தோண்டிய எர்த் குழி, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்து மண் இறுகிக் கிடந்தது. கசிந்த கரண்டுக்கு மண்ணுக்குள் இறங்க வழியில்லை. அதனால் எர்த் ஒயர் போன இடமெல்லாம் அது சுற்றி வந்திருக்கிறது. குழாய்க்குப் போனது கடித்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் போனது முனகியது.

முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையைப் போட்டார். செந்தில் பேண்டைச் சுருட்டிவிட்டு மண்ணை அள்ளினார். கரி, உப்பு, தண்ணீர் என்று குழியைப் புதுசாக்கினார்கள். கவிதா எதையாவது எடுத்துக் கொடுக்கிற சாக்கில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் கண் குழியில் இல்லை, அந்த இரண்டு முதுகுகளின் மேல் இருந்தது. நடுவில் செந்தில், "ஆத்தா, தண்ணி குடு" என்று தங்கச்சியைப் பார்த்துக் கையை நீட்டினார். காலையில் தொடாமல் வைத்த அதே சொம்பு. முழுசாகக் குடித்து முடித்தார்.

போர்க்காரர் ஒயரை மாற்ற மறுநாள்தான் வர முடியும் என்றுவிட்டார். அதுவரை மோட்டாருக்குப் போகும் இணைப்பையே செந்தில் கழற்றிவிட்டார். கடைசியாக இ.எல்.சி.பி.யைக் குறுக்கே கட்டியிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மெயினை ஏற்றி, இ.எல்.சி.பி.யின் சோதனைப் பட்டனை அழுத்தினார். டப்பென்று விழுந்தது. பேன் நின்றது, பிரிட்ஜ் நின்றது, ஒரு வீட்டில் கரண்டு போனதற்கு எல்லோரும் சேர்ந்து சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை கழுவிவிட்டு உட்கார்ந்த பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தீர்ப்பு பாக்கி இருந்தது.

"பியூஸால ஒண்ணுமே ஆகல. செந்தில் சொன்னது சரி" என்றேன். "முருகேசனுக்குக் கேட்டதும் சரி. எனக்கும் கேட்டுச்சு. அவருக்கு அது கேக்காம இருந்திருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன். நீங்க இந்தப் போர்டத் தெறந்திருக்க மாட்டீங்க. குழாயில இருந்தது அப்படியே இருந்திருக்கும்."

செந்தில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு முருகேசன் பக்கம் திரும்பி, "ஒரு நிமிசம் அந்த ரூமுக்குள்ள வந்து ஒக்காந்து கேட்டிருந்தா எனக்கும் கேட்டிருக்கும் மாப்ள. கேக்காமச் சிரிச்சது என் தப்பு" என்றார்.

"விடுங்க மச்சான். நான்தான் திசையத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார் முருகேசன். சிரிப்பை அடக்கப் பார்த்தது கவிதாதான். முடியவில்லை. அன்றைக்கு நான் அங்கேயே சாப்பிட்டேன். செந்தில் இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டார்.

அந்த வெள்ளி பியூஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இன்னும் அந்த செட்டுக்குள்தான் இருக்கிறது. ஆம்பியர் சரியாக இருக்கிறதா, செட்டின் முதுகில் எழுதியிருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்தேன், ஒன்றுதான். பிறகு நமக்கென்ன ஆட்சேபணை? "இருந்துட்டுப் போகட்டும்க்கா, காசு குடுத்து வாங்குனது" என்றார். கடைக்கு வருகிற கஸ்டமருக்கும் நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அளவைப் பாருங்கள், சரியாக இருந்தால் போட்டுக் கொடுங்கள், பாட்டு மாறும் என்று உங்கள் வாயால் சொல்லாதீர்கள். ஆனால் மாறிவிட்டது என்று அவர் வந்து சொன்னால் சிரிக்காதீர்கள். காரணத்தை அவர் தப்பாகச் சொல்லலாம், காது பெரும்பாலும் தப்பாகச் சொல்லாது. அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்னென்ன ஓடியது, எதை நிறுத்தினார், எதை ஓட விட்டார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நாற்காலியில் போய் உட்காருங்கள். உட்கார்ந்து கேட்ட பிறகும் ஒன்றும் கேட்கவில்லையென்றால், அதையும் தைரியமாகச் சொல்லலாம்.

காதுகுத்து அன்றைக்கு விடியலிலேயே கீரமங்கலம் போய்விட்டேன். கொல்லையில் யாழினியைக் குளிப்பாட்டத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். புது ஒயரில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செந்தில் முந்தின நாளே மீட்டர் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தார். இருந்தாலும் கவிதா தன் கையைத் தொட்டியில் நனைத்துக் குழாயை ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா" என்று என்னிடம் சொன்னாள். அப்புறம்தான் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஐயனார் கோயிலில் செந்தில் சீர்த்தட்டோடு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாழினி மாமன் மடியில் ஏறும்வரை பட்டுப்பாவாடையைச் சரிசெய்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு அலறல். கோயில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன. பக்கத்திலிருந்த ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். மாமனோ பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "முடிஞ்சுருச்சு சாமி, முடிஞ்சுருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சத்தம் என்றாலே முகம் சுளிக்கிற முருகேசன் எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உங்க காதுக்கு இது ஆகாதே தம்பி, கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்களேன் என்று கேலியாகச் சொன்னேன். அவர் நகரவில்லை. கண் நிறைந்திருந்தது, துடைக்கவுமில்லை.

"கேக்கட்டும்க்கா" என்றார். "நல்லாக் கேக்கட்டும்."